மஞ்சளும் மூளைக்கட்டியும்: ஆய்வுத்தட்டிலிருந்து நோயாளி வரை

தமிழக எல்லையை அடுத்து, ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தின் அருகில் அமைந்துள்ள ஊர் வரதய்யபாளையம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தெலுங்கும் தமிழும் ஒருசேர ஒலிக்கும் இப்பகுதி மக்களுக்குப் பெரிய நோய் என்று வந்துவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மேற்கே திருப்பதிக்குச் செல்கிறது. மற்றொன்று தெற்கே சென்னைக்குச் செல்கிறது. அண்மைக் காலத்தில் மூன்றாவது வழி ஒன்றும் திறந்திருக்கிறது. அது கைப்பேசி வழியாக வீட்டிற்குள்ளேயே வருகிறது. “மஞ்சள் புற்றுநோயை அழிக்கும்”, “திராட்சையில் இருக்கிறது மூளைக்கட்டிக்கு மருந்து” என்பன போன்ற செய்திகளே அவ்வழி.

இச்செய்திகள் முழுப் பொய்யல்ல என்பதுதான் இதிலுள்ள சிக்கல். மஞ்சள், திராட்சை, வெங்காயம், தேயிலை முதலியவற்றிலிருந்து பிரித்தெடுத்த சேர்மங்கள் மூளைப் புற்றுநோய் உயிரணுக்களை அழிக்கின்றன என்று கூறும் ஆய்வுக் கட்டுரைகள் உலகெங்கும் வெளிவந்துள்ளன. ஆனால் உயிரணுவை அழிப்பது ஒன்று. நோயாளியைக் குணப்படுத்துவது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை அறிந்துகொண்டால், நம்பிக்கையையும் பணத்தையும் எங்கே வைப்பது என்று ஒரு குடும்பம் தெளிவாக முடிவெடுக்க இயலும்.

நோயின் இயல்பு

மூளையில் தோன்றும் புற்றுக்கட்டிகளுள் மிகக் கடுமையானது கிளியோபிளாஸ்டோமா. நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணை உயிரணுக்களின் வகையைச் சேர்ந்த இக்கட்டிக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் நான்காம் நிலை, அதாவது உச்சநிலை, அளிக்கப்பட்டுள்ளது. கட்டியின் விளிம்பு தெளிவாக இருப்பதில்லை. மரத்தின் வேர் மண்ணுக்குள் ஓடுவதுபோல அதன் உயிரணுக்கள் நல்ல மூளைத் திசுவுக்குள் ஊடுருவி நிற்கும். ஆகவே அறுவை மருத்துவர் கண்ணுக்குத் தெரிந்த அனைத்தையும் அகற்றிய பின்னரும் சில உயிரணுக்கள் எஞ்சிவிடுகின்றன.

இன்று பின்பற்றப்படும் சிகிச்சை முறை 2005-ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய ஆய்வின் அடிப்படையில் அமைந்தது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் 573 நோயாளிகளை இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சு மட்டும் அளித்தனர். மற்றப் பிரிவினருக்குக் கதிர்வீச்சுடன் டெமோசோலமைடு என்னும் மாத்திரையையும் அளித்தனர். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதங்கள், மாத்திரையும் பெற்றவர்களுக்கு 14.6 மாதங்கள். இரண்டு ஆண்டுகளைக் கடந்தவர்களின் பங்கோ 10.4 விழுக்காட்டிலிருந்து 26.5 விழுக்காடாக உயர்ந்தது.

இந்த எண்கள் சிறியவையாகத் தோன்றலாம். ஆயினும் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்துப் பெற்ற உறுதி இவற்றுக்கு உண்டு. எந்தப் புதிய பொருளும், அது அடுக்களையிலிருந்து வந்தாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும், இந்த அளவுகோலின் முன்தான் நிற்க வேண்டும்.

ஆய்வுத்தட்டில் நடப்பது என்ன?

மஞ்சளுக்கு அதன் நிறத்தைத் தருவது குர்குமின். 1815-இலேயே பிரித்தெடுக்கப்பட்ட இச்சேர்மத்தின் வேதி அமைப்பு 1910-இல் கண்டறியப்பட்டது. மஞ்சளுக்குப் புற்றெதிர்ப்பு ஆற்றல் இருக்கக்கூடும் என்று ஆய்வு நோக்கில் எடுத்துரைத்த தொடக்ககாலக் கட்டுரைகளுள் ஒன்று கேரளத்தின் திருச்சூரிலுள்ள அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் எழுதப்பட்டது. ராமதாசன் குட்டனும் அவருடைய குழுவினரும் 1985-இல் அதனை வெளியிட்டனர். அதன் பின்னர் உலகின் பல ஆய்வகங்கள் இத்துறையில் இறங்கின.

இவ்வாய்வுகளின் முறை எளியது. மனிதக் கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட உயிரணுக்களை ஒரு தட்டில் ஊட்டக் கரைசலோடு வைப்பார்கள். அதில் குர்குமினையோ, திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெராட்ராலையோ, வெங்காயத்திலுள்ள குவெர்செட்டினையோ சேர்ப்பார்கள். ஓரிரு நாள் கழித்து எத்தனை உயிரணுக்கள் எஞ்சின என்று எண்ணுவார்கள். பல சோதனைகளில் உயிரணுக்கள் பெருகுவதை நிறுத்தின. தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் இயல்பான நிகழ்வும் அவற்றில் தூண்டப்பட்டது. இவை உண்மையான கண்டுபிடிப்புகளே.

ஆனால் தட்டு மூளையன்று. அதில் குருதியோட்டம் இல்லை, கல்லீரல் இல்லை, நோய் எதிர்ப்பு அமைப்பும் இல்லை. வளர்க்கப்படும் உயிரணுவே எதிர்பார்த்ததிலிருந்து வேறாக இருக்கவும் கூடும். மூளைக்கட்டி ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படும் யு-87 என்னும் உயிரணு வகை சுவீடன் நாட்டின் உப்சாலாவில் 1960-களில் ஒரு நோயாளியிடமிருந்து உருவாக்கப்பட்டது. அங்குப் பாதுகாக்கப்பட்டிருந்த பழைய திசுவோடு, உலகெங்கும் வழங்கப்பட்டுவந்த உயிரணுவின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், இரண்டும் பொருந்தவில்லை என்று 2016-இல் அறிவித்தனர்.

குர்குமினுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது ஒளிரும் தன்மையும் பல புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் தன்மையும் கொண்டது. நிலையற்று விரைவில் சிதைவது. ஆகவே உண்மையில் விளைவு இல்லாத சோதனையிலும் விளைவு இருப்பதுபோலக் காட்டிவிடும். 2017-இல் மருந்து வேதியியல் அறிஞர்கள் சிலர் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். நூற்றிருபதுக்கும் மேற்பட்ட மனித ஆய்வுகள் நடந்திருந்தும், கடுமையான ஒப்பீட்டு முறையில் நடந்த எந்த ஆய்விலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்பது அவர்கள் முடிவு.

வழியில் நிற்கும் மூன்று தடைகள்

முதல் தடை குடலும் கல்லீரலும். குர்குமின் நீரில் எளிதில் கரைவதில்லை. உடலுக்குள் சென்ற சிறு பகுதியையும் கல்லீரல் விரைந்து மாற்றி வெளியேற்றிவிடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நலமாக இருந்தவர்களுக்கு ஒரே வேளையில் 8 கிராம் வரை குர்குமின் கொடுத்தும் அவர்களின் குருதியில் அது தென்படவில்லை. மஞ்சள் தூளில் குர்குமினின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடே. எனவே 8 கிராம் குர்குமின் என்பது கால் கிலோவுக்கும் அதிகமான மஞ்சள் தூளுக்குச் சமம். குழம்பில் நாம் இடும் அரைத் தேக்கரண்டி மஞ்சளை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மிளகு சேர்த்தால் உறிஞ்சுதல் கூடும் என்பர். அதற்கும் ஆதாரம் உண்டு. பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது உடலில் சேரும் அளவு 2000 விழுக்காடு உயர்ந்தது. எண் பெரிது. ஆனால் மிகமிகச் சிறியதொன்றை இருபது மடங்கு பெருக்கினாலும் அது சிறியதாகவே இருக்கும்.

இரண்டாம் தடை மூளைக்கே உரியது. 1885-இல் ஜெர்மனியின் பால் எர்லிக் விலங்குகளின் குருதியில் சாயம் செலுத்தியபோது, ஏனைய உறுப்புகளெல்லாம் நிறமேற, மூளை மட்டும் நிறம் மாறாமல் இருந்தது. குருதிக்கும் மூளைக்கும் இடையில் ஒரு காவல் இருப்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்தன. மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் உயிரணுக்கள் இடைவெளியின்றி ஒட்டி நிற்பதே அக்காவல். நஞ்சும் நுண்ணுயிரும் உள்ளே புகாமல் காக்கும் அதே ஏற்பாடு, பெரும்பாலான மருந்துகளையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

மூன்றாம் தடை அளவு. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 13 கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளுக்கு, எளிதில் உறிஞ்சப்படுமாறு தயாரித்த குர்குமினை அறுவைக்கு முன்னர் நான்கு நாள்கள் அளித்தனர். அகற்றிய கட்டியைச் சோதித்தபோது ஒரு கிராம் திசுவில் சராசரியாக 56 நானோகிராம் குர்குமின் இருந்தது. கட்டியை அது எட்டியது நல்ல செய்தியே. ஆயினும் ஆய்வுத்தட்டில் உயிரணுக்களை அழிக்க வழக்கமாகப் பயன்படுத்தப்படும் அளவோடு ஒப்பிட்டால், இது ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான்.

மும்பை ஆய்வு சொல்வது

இந்தியாவில் இத்துறையில் அதிகம் பேசப்பட்ட முயற்சி டாடா நினைவு மையத்தைச் சேர்ந்தது. நவி மும்பையில் அம்மையம் நடத்தும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அறுவை மருத்துவரும் ஆய்வாளருமான இந்திரநீல் மித்ரா ஒரு கருத்தை நெடுங்காலமாக முன்வைத்து வருகிறார். மடியும் உயிரணுக்களிலிருந்து வெளியேறும் மரபணுத் துணுக்குகள் நலமான உயிரணுக்களுக்குள் புகுந்து கேடு விளைவிக்கின்றன என்பது அவர் கருத்து. ரெஸ்வெராட்ராலும் மிகச் சிறிதளவு செம்பும் சேரும்போது உருவாகும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அத்துணுக்குகளைச் செயலிழக்கச் செய்யும் என்பது அதன் தொடர்ச்சி.

2024 பிப்ரவரியில் இம்மாத்திரை நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் என்றும், புற்றுநோய் மீண்டும் வராமல் தடுக்கும் என்றும் செய்திகள் பரவின. மருத்துவர்கள் பலர் மனித ஆய்வுகள் போதிய அளவில் நிறைவு பெறவில்லை என்று எச்சரித்தனர். அதன் பின்னர், 2025-இல், கிளியோபிளாஸ்டோமா பற்றிய ஓர் ஆய்வை அக்குழுவினர் வெளியிட்டனர். அறுவைக்குக் காத்திருந்த நோயாளிகளுள் 10 பேருக்கு அறுவை நாள் வரை, சராசரியாகப் பன்னிரண்டு நாள்களுக்குச் சற்றுக் குறைவாக, இம்மாத்திரையை அளித்தனர். வேறு 10 பேருக்கு அளிக்கவில்லை. மாத்திரை பெற்றோரின் கட்டியில், உயிரணுப் பெருக்கத்தைக் காட்டும் கி-67 என்னும் குறியீடு குறைந்து காணப்பட்டது. வேறு சில குறியீடுகளும் சாதகமாக மாறியிருந்தன.

இதனை எப்படிப் படிப்பது? ஆய்வுத்தட்டோடு நிற்காமல் நோயாளியின் கட்டியிலேயே மாற்றத்தைத் தேடியது இவ்வாய்வின் சிறப்பு. இருபது பேர் மட்டுமே பங்கேற்றதும், ஆயுள் நீண்டதா என்பதை அது அளக்காததும் அதன் எல்லைகள். அடுத்த படி பெரிய ஒப்பீட்டு ஆய்வு. இங்கே கொடுக்கப்பட்டது அளந்து தயாரித்த ரெஸ்வெராட்ராலும் செம்பும் சேர்ந்த மாத்திரை என்பதையும் மறத்தலாகாது. திராட்சையிலும் வேர்க்கடலையிலும் ரெஸ்வெராட்ரால் இருப்பது உண்மை. ஆனால் கடலை தின்பதும், செப்புக் குடத்து நீர் பருகுவதும் இவ்வாய்வின் மறுபதிப்பு ஆகா.

தாவரம் மருந்தாகும் பாதை

இவ்வளவு தடைகளைக் கேட்டபின், தாவரங்களால் பயனே இல்லையோ என்ற ஐயம் எழலாம். அதற்கு விடை நம் வீட்டு முற்றங்களில் பூத்து நிற்கும் நித்தியகல்யாணி. நீரிழிவுக்கு மருந்தாகப் பல நாடுகளில் வழங்கிய அச்செடியைக் கனடாவின் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் 1950-களில் ஆராய்ந்தனர். அது சர்க்கரையைக் குறைக்கவில்லை, வெள்ளணுக்களைக் குறைத்தது. அந்த எதிர்பாராத விளைவிலிருந்து வின்பிளாஸ்டினும், பின்னர் வேறொரு குழுவினரால் வின்கிரிஸ்டினும் கிடைத்தன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் முதன்மையான மருந்து.

மூளைக்கட்டியிலும் அதற்கு இடமுண்டு. மெதுவாக வளரும் ஒருவகைக் கட்டிகளுக்குக் கதிர்வீச்சுடன் வின்கிரிஸ்டின் உள்ளிட்ட மூன்று மருந்துகளைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 7.8 ஆண்டுகளிலிருந்து 13.3 ஆண்டுகளாக உயர்ந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. எனினும் குருதி–மூளைத் தடையை எளிதில் கடக்காத வின்கிரிஸ்டினுக்கு இவ்வெற்றியில் எவ்வளவு பங்கு என்பது இன்னும் விவாதத்திற்குரியதே. நித்தியகல்யாணி இலையை மென்று யாரும் குணமடையவில்லை. அதன் நச்சுப்பொருளைப் பிரித்து, தூய்மைப்படுத்தி, அளவிட்டுச் சிரையில் செலுத்தியதே மருத்துவம் ஆயிற்று.

குந்திரிக்கப் பிசினும் குறிப்பிடத்தக்கது. ஜெர்மனியின் பிரைபுர்க் நகரில், மூளைக்குக் கதிர்வீச்சு பெற்ற 44 நோயாளிகளிடம் இப்பிசினின் சாறு ஆராயப்பட்டு 2011-இல் முடிவு வெளியானது. நாளொன்றுக்கு 4200 மில்லிகிராம் பெற்றவர்களுள் 60 விழுக்காட்டினருக்கு மூளை வீக்கம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களுள் 26 விழுக்காட்டினருக்கே அவ்வாறு குறைந்தது. கட்டியை அழிப்பதன்று, வீக்கத்தைத் தணிப்பதே இங்குக் கண்ட பயன். இம்மரத்தின் உறவினம் ஒன்று திருமலையை உள்ளடக்கிய சேஷாசல மலைத்தொடரில் இயற்கையாக வளர்கிறது என்பது இப்பகுதியினர் அறிய வேண்டிய செய்தி.

உணவு வேறு, காப்ஸ்யூல் வேறு

உணவில் இடும் மஞ்சளும் மிளகும் வெங்காயமும் நலம் தருபவை. நோயாளியும் அவற்றை வழக்கம்போல் உண்ணலாம். செறிவூட்டிய காப்ஸ்யூல் வேறு வகை. அது மருந்தைப்போலவே பிற மருந்துகளோடு மோதும்.

மூளைக்கட்டி நோயாளிகள் பலருக்கு வலிப்பு வருவதால் பெனிடாயின் போன்ற மருந்துகள் அளிக்கப்படுகின்றன. பைப்பரின் பெனிடாயினின் அளவைக் குருதியில் உயர்த்துகிறது என்று இந்திய ஆய்வுகளே காட்டியுள்ளன. அளவு மிகுந்தால் தள்ளாட்டமும் குழப்பமும் தோன்றும். குடும்பத்தினர் அதனைக் கட்டியின் விளைவென்று எண்ணிக் கலங்கக்கூடும். உறிஞ்சுதலை உயர்த்திய மஞ்சள் காப்ஸ்யூல்களால் கல்லீரல் அழற்சி ஏற்பட்ட நிகழ்வுகள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியுள்ளன. பச்சைத் தேயிலையின் முதன்மைச் சேர்மம், போர்டிசோமிப் என்னும் புற்றுநோய் மருந்தோடு நேரடியாகப் பிணைந்து அதனைச் செயலிழக்கச் செய்வதை 2009-இல் வெளியான ஓர் ஆய்வக ஆய்வு கண்டறிந்தது. துணை செய்யும் என்று நம்பிச் சேர்த்தது எதிராகவும் முடியலாம் என்பதற்கு இது சான்று.

ஆகவே நோயாளி உட்கொள்ளும் ஒவ்வொரு பொடியையும் காப்ஸ்யூலையும் லேகியத்தையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும். புட்டியையே எடுத்துச் சென்று காட்டுவது இன்னும் நல்லது.

குடும்பங்கள் கருத வேண்டியவை

காலம் முதன்மையானது. விடியற்காலையில் வாந்தியுடன் வரும் தலைவலி, முன்பு வலிப்பே வராத பெரியவருக்குத் திடீரென வரும் வலிப்பு, ஒருபக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சிலோ நடத்தையிலோ தோன்றும் மாற்றம் ஆகியவற்றைப் பொருட்படுத்தாமல் இருத்தல் கூடாது. திருப்பதியில் 2022-இல் திறக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா புற்றுநோய் மருத்துவமனையும், சென்னையில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் இப்பகுதியினருக்கு எட்டும் தொலைவில் உள்ளன. பொடியைச் சோதித்துப் பார்ப்பதற்காக அறுவையையோ கதிர்வீச்சையோ ஒரு மாதம் தள்ளிப்போடுவது, வேகமாக வளரும் இக்கட்டியில் பேரிழப்பாகும்.

அடுத்தது பணம். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் தடை செய்கிறது. அத்தகைய உறுதிமொழியோடு முன்பணம் கேட்பவரிடம் சேமிப்பைக் கொடுத்துவிடாதீர்கள். தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் மாநில அரசுகளின் காப்பீட்டுத் திட்டங்களும் உள்ளன. தேர்ந்தெடுக்கும் மருத்துவமனை அத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளதா என்பதைச் சேரும் முன்பே கேட்டறிக. நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன் கலைப்பதா, அதன்பேரில் கடன் பெறுவதா என்பதை வங்கிக் கிளையில் கணக்கிட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம்.

மூளைக்கட்டிக்கே உரிய இன்னொரு செய்தியும் உண்டு. பேச்சும் கையெழுத்தும் நோயின் போக்கில் மாறக்கூடும். ஆகவே நோயாளி தெளிவாக இருக்கும்போதே நியமனதாரர் பதிவையும், கூட்டுக் கணக்கில் யார் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டையும் சரிபார்த்துவிடுவது நல்லது. கையெழுத்திட இயலாத நிலை வந்தாலும் வழியுண்டு. இரண்டு சாட்சிகளின் முன்னிலையில், அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க, கைரேகை வைத்துப் பணம் பெற ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடமளிக்கின்றன.

தாவரச் சேர்மங்களின் ஆய்வு தொடரட்டும். நித்தியகல்யாணி கடந்த பாதையை நாளை குர்குமினின் மாற்று வடிவம் ஒன்றோ, ரெஸ்வெராட்ரால் மாத்திரையோ கடக்கவும் கூடும். அதுவரை மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். சிகிச்சை மருத்துவமனையில் நடக்கட்டும். கைப்பேசியில் அடுத்த செய்தி வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: இது தட்டில் நடந்ததா, மனிதரிடம் நடந்ததா? எத்தனை பேரிடம் நடந்தது? அவர்கள் கூடுதலாக வாழ்ந்தார்களா? இவற்றுக்கு விடை கிடைக்காத செய்தியை நம்பிச் சிகிச்சையை மாற்ற வேண்டியதில்லை.